தொகுதியும் பகுதியும்

நாலு பத்துக்கு வந்தது தவணை.
திரையில் ஒரு வரி, அவ்வளவுதான்.
பிரஸ்ஸல்ஸில் யாரோ ஒரு விசையைத் தட்டியிருக்கிறார்,
கீவில் எங்கள் மூன்றாம் மாடியில்
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
லாரிசா போஹ்தானிவ்னா கை தட்டவில்லை.
"வந்துவிட்டதா, சரி. எந்தப் பத்தியில்?"

கடன் என்று ஒரு பத்தி. மானியம் என்று ஒன்று.
நடுவில் இன்னொன்று, பெயர் ரொம்ப நீளம்,
நாங்கள் அதை 'பார்க்கலாம்' என்று கூப்பிடுகிறோம்.
எதிரியின் முடக்கிய பணம் ஈனும் வட்டி
அதை அடைத்துவிடுமாம்.
அவன் வட்டியில் நம் முதல்.
கல்லூரித் தேர்வில் இப்படி எழுதியிருந்தால்
சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள்.

வெளிப்பணத்துக்குக் கூச்சம் அதிகம்.
ஓய்வூதியம் கொடுக்கும்,
கார்கிவ் சுரங்க ரயில் நிலையத்தில்
பின்னம் சொல்லித்தரும் ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கும்,
ஆம்புலன்சுக்கு டீசல் போடும்.
தோட்டாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
ஆகவே ரொட்டிக் கடைக்காரர் கட்டும் வரியும்
என்னிடம் பிடிக்கும் வரியும்
நேராகப் பீரங்கி வாய்க்கு.
ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு.

பக்கத்து மேசையில் இருந்தவரை
யரேமாவின் சம்பளம் வெளிக்கடன்.
சீருடை மாட்டிய அன்று
நானேதான் அவனை வெட்டி
உள்நாட்டு வரவில் ஒட்டினேன்.
மேசை மேல் அவன் கடித்த பென்சில் கிடந்தது.
அதற்குப் பத்தி இல்லை.

கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி.
மேலே இருப்பது வளர்வதை
எல்லா நாளிதழும் எழுதுகிறது.
நேற்றிரவு எரிந்த துணைமின் நிலையம்,
கண்ணி புதைந்த சூரியகாந்தி வயல்,
லோட்ஸ் நகரத்திலேயே தங்கிவிட்ட தையல்காரிகள்
எல்லாம் கோட்டுக்குக் கீழே.
ஒரு காசு வாங்காத மாதத்தில்
கடன் விகிதம் ஏறியது எப்படி என்றார் ஒரு நிருபர்.
கீழே பாருங்கள் என்றேன்.
அவர் தன் காலணியைப் பார்த்தார்.

ஹ்ரிவ்னியா சரிந்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.
யாரும் கையெழுத்துப் போடவில்லை,
மதிய உணவுக்குப் போய் வருவதற்குள்
யூரோவில் வாங்கியதெல்லாம்
எங்கள் காசில் வீங்கியிருந்தது.

வட்டி குறைவு, மறுக்கவில்லை.
சந்தைக்குப் போனால்
நம் பெயரைக் கேட்டதும் கடையைச் சாத்துவான்.
இவர்கள் பத்து வருஷம் முதலைக் கேட்கவே மாட்டார்கள்.
அதற்குக் கருணைக் காலம் என்று பெயர்;
கருணைக்கும் கெடு உண்டென்று
பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.
முதிர்வு 2061.
யரேமாவின் மகள் ஸ்லாட்டாவுக்கு ஐந்து மாதம்.
பல்லுக்கு முன்னால் பங்கு வந்துவிட்டது.

அக்டோபரில் அவன் திரும்பி வந்தான்,
இடது முழங்காலுக்குக் கீழே கார்பன் இழை.
சம்பளத்தை மறுபடி வெளிக்கடனுக்கு நகர்த்தினேன்.
காலின் ரசீதைத் தேடினேன்: டென்மார்க், மானியம்.
"என் உடம்பிலேயே திருப்பித் தர வேண்டாதது
இது ஒன்றுதான்" என்று
பென்சிலால் தட்டிக் காட்டினான்.
லாரிசா போஹ்தானிவ்னா நிமிராமல்
எந்த மாதத்தில் பதிந்திருக்கிறது என்று கேட்டார்.

வியாழக்கிழமை வார்சாவில் ஆய்வுக் குழு.
முதல் பக்கம்: அனுமானங்கள்.
நாலாவது வரி: போர் முடியும் ஆண்டு.
அந்த ஒரு கட்டத்தைத் தொட்டால்
பின்னால் எண்பது பக்கம் புரண்டு படுக்கும்:
விளைச்சல், திரும்பி வருவோர், கூரைகள்,
நாம் தாங்குவோமா மாட்டோமா என்கிற கடைசி வரி.
நாலு முறை மாற்றிவிட்டேன்.
ஒவ்வொரு முறையும் ஒன்று.

யரேமா தேநீரோடு வருகிறான்,
ஒரு அடி மெத்தென்று, ஒரு அடி டக்கென்று.
"என்ன போடட்டும்?"
"போன தடவை போட்டதில் ஒன்று கூட்டு."
"நம்புவார்களா?"
கோப்பையை வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.
"முதலில் சேமி.
ஏழு மணிக்கு மின்சாரம் போய்விடும்."